கறை மேல் போட்ட பூ

சென்ற மாதம் கயல்விழி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தையல் கூடத்தை நடத்துகிறவள் அவள்தான். நலம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“தில்லையக்கா, வாசல்ல ஒரு போர்டு மாட்டியிருக்கீங்கல்ல, ‘பழைய துணி வாங்குவதில்லை’ன்னு. அதைக் கழட்டிடட்டுமா?”

காரணம் கேட்டேன். இப்போது நினைவுப் பை என்று ஒன்று வந்திருக்கிறதாம். இறந்துபோனவரின் சட்டையையோ புடவையையோ கொடுத்தால், அதை வெட்டி பர்ஸோ கண்ணாடி உறையோ தைத்துத் தர வேண்டுமாம். கூரியரிலேயே துணி அனுப்பத் தயாராக இருக்கிறார்களாம். “எல்லா ஊர்லயும் செய்யுறாங்கக்கா. நாம மட்டும் போர்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்” என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான்கு நாள் யோசித்தேன். இது போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். கயல், இதை நீ படித்துவிட்டு மற்றவர்களுக்கும் படித்துக் காட்டு. பழைய துணி நைந்து போகும், தையல் நிற்காது, அதனால்தான் போர்டு என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்.

கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வந்து கூடத்தில் சேர்ந்தபோது, எனக்குத் தையல் தெரியும் என்ற திமிர் இருந்தது. ஜாக்கெட் தைப்பேன், பாவாடை தைப்பேன். முதல் இரண்டு வருடம் அந்தத் திமிர் இறங்குவதிலேயே போயிற்று. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எங்கள் வேலைக்கு ஆங்கிலத்தில் கிரேஸி க்வில்ட் என்று பெயர். நாங்கள் கிறுக்குத் தையல் என்போம். அளவெடுத்துக் கட்டம் கட்டமாக ஒட்டுவது வேறு வேலை. இதில் எந்தத் துண்டும் இன்னொரு துண்டின் அளவில் இருக்கக் கூடாது. வெள்ளைக் காடாத்துணியை அடியில் விரித்து, நடுவில் ஐந்து மூலையுள்ள ஒரு துண்டை வைக்க வேண்டும். அடுத்த துண்டை அதன் மேல் கவிழ்த்து ஓரத்தைத் தைத்து, திருப்பி, நகத்தால் அழுத்திப் படிய வைக்க வேண்டும். இப்படியே சுற்றிக்கொண்டு போனால் அடித்துணி மறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு இணைப்பின் மேலும் இறகுத் தையலோ மீன்முள் தையலோ ஓட்ட வேண்டும். அதற்கும் பிறகுதான் அட்டையை வைத்து வரைந்து, பர்ஸ், சுருக்குப் பை, கண்ணாடி உறை, ஊசி குத்தி வைக்கும் மெத்தை என்று உருவம் வெட்டுவோம். பர்ஸாக வந்த பிறகு எந்தத் துண்டு எந்தத் துணியிலிருந்து வந்தது என்று வெட்டியவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

இதைக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர் ரோசலி அம்மா. சொல்தா வீட்டுப் பெண். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ரோசலி அம்மாவும் கொஞ்ச காலம் பிரான்சில் இருந்து தையல் கற்றவர். வெளிர் நிறத்தில் கவுன் போட்டிருப்பார். நேற்றுச் சேர்ந்த பெண்ணையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதையே எங்களுக்குப் பயமாக இருக்கும். தைத்து முடித்த பர்ஸைக் கொடுத்தால் முகப்பைப் பார்க்க மாட்டார். உள்பக்கத்தை வெளியே திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். பிடிக்காவிட்டால் நூல் கத்தரியை எடுப்பார். பிரிப்பதற்கு முன் ‘பர்தோன்’ என்று மெல்லச் சொல்வார். மன்னிக்க வேண்டும் என்று அர்த்தமாம். எங்களிடம் சொல்கிறாரா துணியிடம் சொல்கிறாரா என்று தெரியாது. பிரித்து முடித்ததும் நூலைத் தனியாகவும் துணியைத் தனியாகவும் நம் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்ட மாட்டார். திட்டினால் தேவலாம் என்றிருக்கும்.

அவர் வைத்த விதிகள் மூன்று. தையல் கடைகளில் மிஞ்சும் புது வெட்டுத் துணி மட்டுமே வாங்க வேண்டும், யாரும் உடுத்திய துணி கூடாது. வாங்கியதைப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு அரை நாள் ஊற வைத்து, சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே சோப்புக்காய்த் தண்ணீரில் அலச வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. துணியில் ஓட்டையோ வெளுப்போ போகாத கறையோ இருந்தால் அதை வீணாக்கக் கூடாது, அதன் மேல் ஒரு பூ போட்டுவிட வேண்டும்.

என் பூ எல்லோருக்கும் தெரியும். வெள்ளை நூலில் ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் முடிச்சு. கூடத்தில் அதற்குத் தில்லைப்பூ என்றே பெயர் வைத்திருந்தார்கள். எந்த அசிங்கத்தையும் நீங்கள் பூவாக்கிவிடுவீர்கள் என்று கேலி செய்வார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஒரு முறை கண் அறுவை சிகிச்சைக்காக ரோசலி அம்மா புதுச்சேரிக்குப் போனார். மூன்று வாரம் கூடம் என் பொறுப்பு. அதே சமயம் அங்கிருந்த ஒரு விடுதிக் கடையிலிருந்து பட்டில் நாற்பது பர்ஸ் கேட்டு ஆர்டர் வந்தது. அவர் திரும்பி வரும்போது முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. பாதியிலேயே பட்டுத் துண்டுகள் தீர்ந்துபோயின. காரைக்காலில் உள்ள தையல் கடை ஒன்று விடாமல் அலைந்தேன். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் பட்டு ஜாக்கெட் யார் தைக்கக் கொடுப்பார்கள்?

அந்த வாரம் ஒரு நடுப்பகலில், ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு சிமெண்ட் சாக்கு.

“பட்டுத் துண்டு கேட்டு அலையுறீங்கன்னு சொன்னாங்க. வீட்டுல பழசு கழிச்சோம். எடுத்துக்குங்க.”

“நாங்க பழசு வாங்குறதில்லைங்களே.”

“வாங்கச் சொல்லலைம்மா. சும்மா வச்சுக்குங்க. பரண்ல கெடந்து எலிதான் கடிக்குது.”

நம் பக்கத்தில் பழைய பட்டை யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள். ஜரிகைக்காகத் தெருவில் வருகிற பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் குடம் வாங்குவார்கள். இது எனக்குத் தெரியும். சாக்கைப் பிரித்தபோதே தெரியும். மூன்று பட்டுப் புடவைகளில் இரண்டு மடித்திருந்தன. அடியில் கிடந்த வெங்காயத்தோல் நிறப் பட்டு மட்டும் மடிக்காமல் சுருட்டித் திணித்திருந்தது. அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆட்டோ போனதும் சாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பச்சைத் தண்ணீரில் ஊற வைக்கப் பொறுமை இல்லை. நேராகச் சுடுதண்ணீரில் போட்டேன். மற்றவை நன்றாக வெளுத்தன. வெங்காயத்தோல் புடவையில் பழுப்பாகத் திட்டுத்திட்டாக நின்றுவிட்டது. இரண்டாம் முறை சோப்புப் போட்டுக் கசக்கினேன். அப்போதும் போகவில்லை. வெற்றிலைச் சாறு என்று நானே முடிவு செய்துகொண்டேன். முந்தானை முழுவதும் திட்டாக இருந்ததால் அதை வெட்டிக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலை குப்பை வண்டி எடுத்துப் போயிற்று. மீதியில் நல்ல இடங்களை வெட்டினேன். நான்கு துண்டுகளில் மட்டும் கறை தவிர்க்க முடியவில்லை. நான்கிலும் பூ போட்டேன்.

அந்த நான்கில் ஒரு துண்டின் ஓரத்தில் கிழிசல் ஒன்றில் யாரோ இழை ஓட்டியிருந்தார்கள். நகத்தளவுதான் இருக்கும். நெசவு போலவே மேலும் கீழும் எடுத்திருந்தார்கள், ஆனால் நூல் மட்டும் சிவப்பு. வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் அதை மறைக்காமல் பர்ஸின் முகப்பிலேயே விட்டேன்.

ரோசலி அம்மா திரும்பி வந்தபோது ஆர்டர் போய்ச் சேர்ந்திருந்தது. மாதிரிக்கென்று வைத்திருந்த சில பர்ஸ்களைத் திருப்பித் தடவிப் பார்த்தார். “இந்த வெங்காயத்தோல் எங்க கெடைச்சுதுங்க?” என்றார். தையல் கடையில் என்றேன். அவர் தலையாட்டினார்.

எட்டு ஒன்பது மாதம் கழித்து, கலெக்டர் அலுவலக வளாகத்தில் பந்தல் போட்டு மகளிர் கண்காட்சி நடத்தினார்கள். எங்கள் கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு அம்மாள் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பைல். மனு கொடுக்க வந்து வந்து சலித்த முகம். பர்ஸ்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்தார்.

“இதைக் கொஞ்சம் எடுத்துப் பாக்கட்டுங்களா?”

எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். சிவப்பு இழையின் மேல் கட்டை விரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார்.

“இந்தத் துணி எங்கேருந்துங்க வந்துச்சு?”

“தையக்கடை வெட்டுங்க. எல்லாம் புதுத் துணிதான்.”

“புதுத் துணியில யாருங்க இழை ஓட்டுவா?”

நான் மற்ற பர்ஸ்களை அடுக்க ஆரம்பித்தேன். அவர் பைலைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. மெலிந்த ஒரு பெண், வெங்காயத்தோல் பட்டில், சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

“எம் பொண்ணு மங்கை. திருநள்ளாறு போறப்ப பஸ்ஸுல கம்பி மாட்டிக் கிழிஞ்சுது. இந்த நெறத்துல நூல் கெடைக்கலை, செவப்புலயே நான்தான் ஓட்டினேன். இந்தப் புடவையக் கட்டிக்கிட்டுத்தான் எவன்கூடவோ பஸ் ஏறிப் போயிட்டாள்னு அவ புருஷன் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கான். கட்டிக்கிட்டுப் போன புடவை இஞ்ச எப்படிங்க வந்துச்சு?”

ஒரே மாதிரிப் புடவை எத்தனையோ இருக்கும் என்றேன். சொல்லிக்கொண்டே பர்ஸை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அந்தப் பர்ஸை அவர் கையிலிருந்து வாங்கியதுதான்.

அவர் சண்டை போடவில்லை. போட்டோவைப் பைலில் வைத்தார். “யோசிச்சுப் பாருங்க. எனக்கு அம்பகரத்தூரு. அம்மன் கோயிலுக்குப் பின்னால, குணவதின்னு கேட்டாச் சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக ரோசலி அம்மா முன்னால் போய் நின்றேன். சாக்கு, சுடுதண்ணீர், முந்தானை, குணவதி, எதையும் விடாமல் சொன்னேன். அவர் பர்ஸை வாங்கினார். வழக்கமாக உள்பக்கம் திருப்புகிறவர் அன்று முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நூல் கத்தரியை எடுத்தார். ‘பர்தோன்’ என்றார். ஆனால் பிரிக்கவில்லை. கத்தரியை என்னிடம் நீட்டினார்.

“நீங்க போட்ட பூ. நீங்களே பிரிங்க.”

மஞ்சள் முடிச்சை வெட்டினேன். ஐந்து இதழ்களையும் ஒவ்வொன்றாக உருவினேன். அடியில் இருந்த பழுப்பு அப்படியே இருந்தது. வெளிச்சம் படாததால் இன்னும் கருத்துத் தெரிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“சுடுதண்ணில போட்டாப் போகாம ஒட்டிக்கிற கறை ரெண்டுதாங்க. ஒண்ணு முட்டை, இன்னொண்ணு ரத்தம். பட்டுப் புடவையக் கட்டிக்கிட்டு யாரு முட்டை ஒடைப்பா?”

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, “கெளம்புங்க. மொதல்ல அந்த அம்மாகிட்ட. அப்புறம் ஸ்டேஷனுக்கு” என்றார்.

அம்பகரத்தூர் பஸ்ஸில் பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு போனேன். குணவதி வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் காலால் தள்ளிக்கொண்டிருந்த நெல்லை அப்படியே விட்டுவிட்டு வந்தார். நான் பர்ஸை நீட்டினேன். பூ இருந்த இடத்தைப் பார்த்தார். ஊசி துளைத்த புள்ளிகள் வட்டமாக இருந்தன, நடுவில் கறை. நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கத்துவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எத்தனை பூங்க போட்டீங்க?”

“நாலு.”

“மத்த மூணு?”

“ஒண்ணு கூடத்துல இருக்கு. ரெண்டு வித்துப்போச்சுங்க.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. சாக்கு கொண்டுவந்த அம்மாளை நான் அடையாளம் காட்டினேன். மங்கையின் மாமியார்தான். கட்டிக்கொண்டு போனாள் என்ற புடவை வீட்டிலேயே இருந்தது என்று ஆனதும், போலீஸார் அவர்கள் வீட்டைத் துருவினார்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் புதிதாகப் பூசியிருந்த சிமெண்ட் தளத்தை உடைத்தார்கள். மங்கை அதற்குக் கீழேதான் இருந்தாள். அத்தனை மாதம் கழித்து எலும்புதான் கிடைத்தது. பிறந்த வீட்டுக் கோடி என்று குணவதி புதுப்புடவை வாங்கிக்கொண்டு போனார். உடுத்திவிட உடம்பு இல்லை. எலும்பு மூட்டையின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

வழக்கு பல வருடம் நடந்தது. அவளே தூக்குப் போட்டுக்கொண்டாள், பயந்துபோய்ப் புதைத்துவிட்டோம் என்று அந்தக் குடும்பம் சொன்னது. எலும்பு எதையும் சொல்லவில்லை. தூக்குப் போட்டுக்கொண்டவள் புடவையில் ரத்தம் எப்படி வந்தது என்று கேட்க இருந்த ஒரே சாட்சி அந்தக் கறைதான். ரத்தமாக இருக்கலாம், ஆனால் துணி பலமுறை கழுவப்பட்டதால் மனித ரத்தமா என்று சொல்ல இயலாது என்று ஆய்வு அறிக்கை வந்தது. முழுக்க நனைந்திருந்த முந்தானை எந்தக் குப்பை மேட்டில் மக்கியதோ.

கூண்டில் நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

“பூ போடுறப்ப அது ரத்தம்னு நெனச்சீங்களா?”

“இல்லைங்க. கறைன்னு நெனச்சேன்.”

“என்ன கறை?”

“தெரியலைங்க.”

“குடுத்தவங்களைக் கேட்டீங்களா?”

“கேக்கலைங்க.”

உட்காரலாம் என்றார். பிணத்தை மறைத்ததற்கு மட்டும் தண்டனை கிடைத்தது. கொலைக்கு ஆதாரம் போதவில்லை. புருஷன் வெளியே வந்துவிட்டான். இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான் என்று கேள்வி.

ரோசலி அம்மா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. போர்டை என் கையாலேயே எழுத வைத்தார். பூ போடும் வேலையை என்னிடமிருந்து எடுத்து, லைனிங் வெட்டும் மேஜைக்கு மாற்றினார். ஒரு நாள் மட்டும், “முறைப்படி பச்சைத் தண்ணில ஊறப் போட்டிருந்தீங்கன்னா இந்தக் கறைகூட மிஞ்சியிருக்காதுங்க” என்றார். ஆறுதலா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் காலமான பிறகு கூடம் என் கைக்கு வந்தது. அப்போதும் நான் பூ போடவில்லை. அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நீங்கள் எல்லாம் நினைத்தீர்கள். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

தீர்ப்பு வந்த அன்று குணவதியோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அவர் மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. பஸ் வருவதற்கு முன் கேட்டார்.

“அது மேல ஏங்க பூ போட்டீங்க? அசிங்கமா இருந்துச்சா?”

“ஆமாங்க.”

பஸ் வருகிற திசையைப் பார்த்தார். “எம் புள்ள கடைசியா எனக்கு விட்டுட்டுப் போனது அதுதான். வித்துப்போன ரெண்டு என்னைக்காவது கெடைச்சா நீங்க பிரிச்சுடாதீங்க. நான்தான் பிரிக்கணும்” என்றார்.

விடுதிக் கடைக்கு நேரில் போய் விசாரித்தேன். யார் வாங்கினார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் நான் பெண்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. கையில் என்ன பர்ஸ் என்றுதான் பார்க்கிறேன்.

கயல், போர்டைக் கழட்டுவதானால் கழட்டிக்கொள். நினைவுப் பை தைப்பது பாவமில்லை. ஆனால் துணி கொண்டுவருகிறவர் யார், அது யாருடையது, உடுத்தியவருக்கு என்ன ஆயிற்று என்று முகத்தைப் பார்த்துக் கேள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், கேள். கறை இருந்தால் கழுவுவதற்கு முன் கேள்.

இன்னொன்று. ஜிப் போய்விட்டது, மாற்றித் தாருங்கள் என்று பழைய பர்ஸ்கள் நம்மிடம் திரும்பி வரும். வெங்காயத்தோல் பட்டில் வெள்ளை நூலில் ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் முடிச்சு போட்டது ஒன்று வந்தால், அதில் கை வைக்காதே. அவர்களுக்கு வேறு பர்ஸ் கொடுத்து அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய். நான் அம்பகரத்தூர் போய்க் குணவதியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் வந்ததும் நல்ல வெளிச்சத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, நூல் கத்தரியை அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் எல்லோரும் தள்ளி நில்லுங்கள்.